அண்ணன் போனது கல்லீரல் புற்றுநோயில். மீதமுள்ள நாங்கள் வைட்டமின் மாத்திரை விழுங்க வேண்டுமா?

அஸ்தம்பட்டியான் | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிறவன் நான். எழுதுவது இது மூன்றாவது முறை.

பங்குனியில் என் அண்ணன் காலமானார். 54 வயது. செவ்வாய்ப்பேட்டையில் நிலக்கடலைப் பருப்பு மண்டி வைத்திருந்தவர். குடியும் இல்லை, பீடியும் இல்லை. பசி இல்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயிறு உப்பிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் எட்டு சென்டிமீட்டர் கட்டி. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் நான்கே மாதம்.

கருமாதி முடிந்த மூன்றாம் வாரம் என் மைத்துனர் ஒரு பெட்டியோடு வந்தார். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரத்தில் புதிதாக இறங்கியிருக்கிறார். வைட்டமின் ஏ, சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம் எல்லாம் ஒரே மாத்திரையில். 60 மாத்திரை 2,850 ரூபாய். “இரும்புக்குத் துரு பிடிப்பதுபோலத்தான் கல்லீரலுக்கும். ஆன்டி ஆக்சிடன்ட் என்பது அதற்கு அடிக்கும் பெயின்ட்” என்றார். அண்ணி பயந்துபோயிருக்கிறார், பிள்ளைகள் இருவருக்கும் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டில் மூன்று பேர் பாக்கி. வாங்கினால் ஏமாளி, மறுத்தால் கஞ்சன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த வைட்டமின்கள் கல்லீரல் புற்றுநோயைத் தடுக்குமா?

குகை மருந்தாளர் | திங்கள், இரவு 10.05

தம்பி, அண்ணனுக்கு என் அஞ்சலி.

31 ஆண்டுகளாக மருந்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். வைட்டமின் மாத்திரை விற்ற காசில்தான் என் மகள் கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டினேன். ஆகவே நான் இப்போது சொல்லப்போவது என் பிழைப்புக்கு எதிரானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைத்துனரின் துருக் கதை அவருடைய கற்பனை அல்ல. 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், உடலுக்குள் உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் செல்களை அரிப்பதுதான் மூப்புக்குக் காரணம் என்று எழுதினார். காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் புற்றுநோய் குறைவு என்ற கணக்கு பிறகு வந்து சேர்ந்துகொண்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்: காய்கறியில் உள்ள சத்தைப் பிரித்து மாத்திரையாக்கிவிட்டால் வேலை முடிந்தது. அப்படி நினைத்ததில் தவறில்லை. சோதித்துப் பார்த்ததுதான் கவிழ்த்துவிட்டது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், இரண்டும், அல்லது வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். குறைவு அல்ல, கூடுதல். அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பெரிய சோதனையை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் கூடியிருந்தது. அடுத்து 35,000-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு செலினியமும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான கணக்குப்படி வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

ஏன் என்றால், ஃப்ரீ ராடிக்கல் என்பது வெறும் துரு அல்ல. கெட்டுப்போன செல்லை அழிக்க உடம்பே அதை ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. 2014-ல் ஸ்வீடனில் நுரையீரல் கட்டி முளைத்த எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது கட்டி இன்னும் வேகமாக வளர்ந்தது. பெயின்ட் அடித்தது திருடன் வீட்டுக் கதவுக்கும் சேர்த்துத்தான்.

வைட்டமின் ஏ பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதைச் சேமித்து வைக்கும் குதிரே கல்லீரல்தான். நிறைந்த குதிரில் மேலும் மேலும் கொட்டினால் குதிர்தான் பிளக்கும். நீண்ட நாள் அளவு மீறினால் கல்லீரலில் தழும்புபோல் நார் கட்டும். கல்லீரலைக் காக்க என்று சொல்லி இதை விற்கிறவர் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்.

வேம்பு நிழல் | திங்கள், இரவு 11.31

மருந்துக்கடைக்காரர் தனக்கு வேண்டிய சோதனைகளை மட்டும் பொறுக்கியிருக்கிறார். சீனாவில் லின்ஷியன் என்ற மாவட்டத்தில் 29,584 பேருக்கு 1986 முதல் 1991 வரை இதே பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்தார்களே, அதை ஏன் விட்டுவிட்டார்? மொத்த இறப்பு 9 சதவீதம் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் இறப்பு 21 சதவீதம் குறைந்தது. கொழுப்புக் கல்லீரலுக்கு வைட்டமின் ஈ-யை டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் 247 பேரிடம் நடந்த சோதனையில், தினம் 800 யூனிட் எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி தணிந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். இதெல்லாம் பொய்யா? செயற்கை மாத்திரை கெடுதல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நான் தருவது முழுக்க இயற்கையானது. வேண்டுவோர் அழைக்கலாம்: [எண் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 6.50

வேம்பு நிழல், கைபேசி எண்ணை நீக்கிவிட்டேன். வாதம் செய்யுங்கள், வியாபாரம் வேண்டாம்.

குகை மருந்தாளர் | செவ்வாய், காலை 8.20

வேம்பு நிழல் ஐயா, எண்கள் சரி. எல்லாமே சரி. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம்.

லின்ஷியன் மக்கள் அந்தக் காலத்தில் சத்துக் குறைந்த உணவில் வாழ்ந்தவர்கள். வறண்ட வயலுக்குத் தண்ணீர் விட்டால் பயிர் நிமிரும். நிறைந்த வயலுக்கு விட்டால் அழுகும். இந்த இழையின் கேள்வி கல்லீரல் அல்லவா? அதே லின்ஷியனில் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து கல்லீரல் புற்றுநோயை மட்டும் தனியாக எண்ணினார்கள். 151 பேர் அதில் இறந்திருந்தார்கள். நான்கு விதமான வைட்டமின், தாதுக் கலவைகளில் ஒன்றுகூட அந்த இறப்பைக் குறைக்கவில்லை. 2007-ல் வெளிவந்தது.

கொழுப்புக் கல்லீரல் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம், திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்தபின் செய்த வைத்தியம். அழற்சி தணிந்தது; நார்க்கட்டு மாறவில்லை. மருத்துவர் கணக்குப் பார்த்து எழுதும் மருந்து வேறு, மைத்துனர் பையில் கொண்டுவரும் குப்பி வேறு.

ஓய்வு கணக்காசிரியர் | செவ்வாய், காலை 10.44

மருந்தாளர் ஐயாவின் ஃபின்லாந்துக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கல்லீரலையும் பார்த்தார்கள். சோதனை தொடங்கும் முன்பே ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவு. மாத்திரையால் அதே பீட்டா கரோட்டினை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது: முதல் மதிப்பெண் வாங்குகிற பையன்கள் பெரும்பாலும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதற்காகக் கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் மதிப்பெண் ஏறுமா? ரத்தத்தில் அந்தச் சத்து நிறைந்திருப்பது, கீரை தின்கிறவன், குடிக்காதவன், கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறவன் என்பதற்கான அடையாளம். அடையாளத்தை விலைக்கு வாங்க முடியும், உடம்பை வாங்க முடியாது.

ஷாங்காயிலிருந்து 2012-ல் ஒரு கணக்கு வந்தது, 1,32,837 பேர். உணவில் வைட்டமின் ஈ அதிகம் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் முன்பே கல்லீரல் நோய் உள்ளவர்கள் அல்லது குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் கண்டவர்கள் வைட்டமின் சி மாத்திரையோ கூட்டு வைட்டமின் மாத்திரையோ எடுத்திருந்தால், அவர்களிடம் அது அதிகமாகத் தெரிந்தது. அஸ்தம்பட்டியான் தம்பி, உங்கள் வீடு அந்த இரண்டாவது வகை. நியாயமாகப் பேசினால் இங்கும் கண்ணாடிக் கதை பொருந்தும்: உடம்பு சரியில்லை என்று தோன்றுகிறவன்தான் மாத்திரையைத் தேடுவான், மாத்திரை குற்றவாளியாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் 2,850 ரூபாய் கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்குவானேன்?

நாகலூர் காபி | செவ்வாய், மதியம் 1.15

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஏக்கர் காபி, இடையில் மிளகு, மேலே சில்வர் ஓக் நிழல். வைட்டமினை விடுங்கள், எங்கள் சரக்கைக் கேளுங்கள். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வருகிறது. 2016-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே இதை ஒப்புக்கொண்டது. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினம் இரண்டு கோப்பை கூடுதலாகக் குடிப்பவர்களிடம் சுமார் 35 சதவீதம் குறைவு. 1820-களில் காக்பர்ன் கலெக்டர் இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தபோது இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்.

ஓய்வு கணக்காசிரியர் | செவ்வாய், மதியம் 1.40

நாகலூர்க்காரரே, உங்கள் காபிக்கும் கண்ணாடி மாட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? கல்லீரல் கெடத் தொடங்கியவனுக்குக் காபி வாடையே பிடிக்காது, அவன் குறைத்துவிடுவான். பிறகு “குடிக்காதவனுக்கு நோய்” என்று கணக்கு வரும்.

நாகலூர் காபி | செவ்வாய், மதியம் 2.05

ஐயா சொல்வது உண்மைதான். அதனால்தான் ஆரம்பத்தில் நோயே இல்லாதவர்களைப் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ஃபின்லாந்து மாதிரி சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்த சோதனை காபிக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுகள் பேசுவது காபியை, பாதிக்குப் பாதி சிக்கரி கலந்து மூன்று கரண்டி சர்க்கரை போட்ட பாயசத்தை அல்ல. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை அதே அமைப்பு உணவுக்குழாய்க்கு ஆகாது என்று அதே 2016-ல் சொல்லியிருக்கிறது. டபராவில் ஆற்றிக் குடியுங்கள்.

மேச்சேரி இறவைக்காரன் | செவ்வாய், இரவு 8.30

நான் படித்தவன் இல்லை, கடலைக்காய் போடுகிறவன். அண்ணன் கடலை மண்டிக்காரர் என்று படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

எங்கள் பக்கம் வேளாண் அலுவலர்கள் வந்து அஃப்ளாடாக்சின் என்று ஒரு விஷத்தைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். கடலையில் பிடிக்கும் மஞ்சள்பச்சைப் பூசணம் விடும் விஷம். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத்தான் காரணம் என்று பிறகு கண்டார்கள். நம் நாட்டிலேயே 1974-ல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் காமாலையில் இறந்தார்கள். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுக்கப் போகாது.

இது எங்கே தொடங்குகிறது தெரியுமா? காய் முற்றும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் மண்ணுக்குள்ளேயே பிடித்துவிடும். பிடுங்கும்போது மண்வெட்டி பட்ட காய், கரையான் அரித்த காய், இரண்டிலும் ஏறும். ஐப்பசி மழையில் களத்தில் குவித்து வைத்த மானாவாரிக் காயில் கேட்கவே வேண்டாம். மேலாக உலர்ந்ததுபோல் இருக்கும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும். காயைக் காதருகில் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், அதுவரை மூட்டை கட்டக்கூடாது.

இதைவிட மோசமான வேலை ஒன்று இருக்கிறது. தோல் உடைக்கும்போது பருப்பு பிளந்துபோகக் கூடாது என்று முதல் நாள் காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கொஞ்சம் கூடும். நானும் தெளித்திருக்கிறேன். அந்த ஈரத்தோடு கோணிப்பையில் பத்து நாள் கிடந்தால் பூசணத்துக்கு அது மாமியார் வீட்டு விருந்து. கூட்டத்துக்குப் போய் வந்தபிறகு விட்டுவிட்டேன்.

செக்கடி தாரமங்கலம் | செவ்வாய், இரவு 9.50

மேச்சேரி அண்ணா, உங்கள் பதிவைப் படிப்பவர்கள் நாளைக்கு என் கடைப் படியேற மாட்டார்கள். மரச்செக்கு வைத்திருக்கிறேன். “ஆலையில் சுத்திகரித்த எண்ணெயில் அந்த விஷம் நீங்கிவிடும், செக்கு எண்ணெயில் நீங்காது” என்று ஒருவர் கடை வாசலிலேயே நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை. காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்த விஷம் எண்ணெயில் எளிதில் கரைவது இல்லை. பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும். எண்ணெயில் மிதக்கும் பிசிறோடு வருவதுதான் சிக்கல். அதனால்தான் தெளியவிட்டு வடிக்கிறோம்.

எங்கள் தாத்தா ஆட்டிய எண்ணெயைப் பித்தளை அண்டாவில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, முற்றத்து வெயிலில் வைப்பார். காரணம் கேட்டால் “தெளியும்” என்பார், அவ்வளவுதான். 1970-களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கடலை எண்ணெயில் இருக்கும் அஃப்ளாடாக்சினை வெயில் சிதைத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தது. தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அண்டாவுக்குக் குங்குமம் வைத்திருப்பார்.

குகை மருந்தாளர் | செவ்வாய், இரவு 10.15

வெயிலில் நாள்கணக்கில் வைத்தால் எண்ணெயிலுள்ள வைட்டமின் ஈ-யும் குறையும், காறலும் ஏறும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது. நான் அந்த வியாபாரத்துக்குச் சம்மதம்.

மேச்சேரி இறவைக்காரன் | புதன், காலை 5.40

செக்கடித் தம்பி, கோபம் வேண்டாம். புண்ணாக்கில் தங்குகிறது என்றீர்களே, அந்தப் புண்ணாக்கு என் மாட்டுக்குத்தானே வருகிறது? மாடு தின்றால் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது என்று அதே கூட்டத்தில் சொன்னார்கள். ஆகவே சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது மூன்றையும் செக்கில் போடும் முன்பே பொறுக்கிவிடுங்கள். எண்ணெய்க்குத்தானே என்று மட்டக் கடலையைத் தள்ளிவிடும் பழக்கம் நம் ஊரில் எல்லா மண்டியிலும் உண்டு.

ஓய்வு கணக்காசிரியர் | புதன், காலை 9.10

கடலைக்காரரும் செக்குக்காரரும் பேசியதற்கு என் பங்குக்கு ஒரு கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் ஷாங்காய் ஆண்களிடம் சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயமும், ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-யும் பார்த்தார்கள். விஷம் மட்டும் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. கிருமி மட்டும் உள்ளவர்களுக்குச் சுமார் 7 மடங்கு. இரண்டும் உள்ளவர்களுக்கு? கூட்டினால் 10, பெருக்கினால் 21. வந்தது கிட்டத்தட்ட 60.

உங்கள் அண்ணனுக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஒரு மனிதரைப் பற்றி இந்தக் கணக்கு எதுவும் சொல்லாது. ஆனால் சீனாவில் சிடோங் என்ற ஊரில் மக்காச்சோளத்தை விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறியபின், தடுப்பூசி வருமுன்பே பிறந்தவர்களிடம்கூடக் கல்லீரல் புற்றுநோய் இறப்பு பெருமளவு இறங்கியது. ஒரு மாத்திரைகூட இல்லாமல், சோற்றுப் பானையை மாற்றியே.

கொண்டையூசி வளைவு | புதன், மாலை 4.25

ஓய்வு பெற்ற கிராமச் செவிலியர் நான். ஏற்காட்டு மலைப் பாதையின் இருபது வளைவும் ஏறி இறங்கிய கால் இது. இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஃபின்லாந்து, சீனா, வான்கோழி எல்லாம் வந்துவிட்டன. முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை.

அஸ்தம்பட்டித் தம்பி, நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?

அண்ணனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, ஹெபடைடிஸ் பி இருந்தது என்கிறீர்கள். இந்தக் கிருமி பிறந்த குழந்தைக்கு வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்; பெரியவர்களாகி வந்தால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூடத் தங்காது. ஐம்பது வயதில் தங்கியிருந்தது என்றால் பிரசவத்திலோ சிறு வயதிலோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதே தாய்க்குப் பிறந்தவர்கள் நீங்கள். உடன்பிறந்தோர், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டும். எச்பிஎஸ்ஏஜி சோதனை என்று கேளுங்கள், கிருமி இருக்கிறதா என்பதற்கு; கூடவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதற்கான சோதனையையும் கேளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். கிருமி இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் தடுப்பூசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கிருமி இருந்தால் மருத்துவர் பார்த்து மருந்து தேவையா என்று முடிவு செய்வார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எப்போது தொடங்குவது என்பதையும் சொல்வார். கட்டி இரண்டு சென்டிமீட்டரில் பிடிபட்டால் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. எட்டு சென்டிமீட்டரில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புற்றுநோய்க்குத் தடுப்பு என்று மைத்துனர் சொல்கிறாரே, அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அது இந்தத் தடுப்பூசிதான். தைவானில் 1984-ல் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் போடத் தொடங்கினார்கள், பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் மாநிலத்தில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் இதுவும் சேர்ந்து வந்தது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். மலைக் கிராமங்களில் அந்த 24 மணி நேரத்தைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். குளிர்ப்பெட்டியில் மருந்து உறைந்தும் போகக்கூடாது, உறைந்தால் வீண். சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்து, அடியில் துகள் தங்குகிறதா என்று பார்ப்போம். மழையில், பஸ் இல்லாத பாதையில், அந்தப் பெட்டியைப் பிள்ளைபோல் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். அதற்கு விலை இல்லை. உங்கள் குப்பிக்கு 2,850 ரூபாய்.

வேம்பு நிழல் | புதன், மாலை 6.02

அம்மா, ஊசி, மாத்திரை என்று எல்லாம் மேல்நாட்டிலிருந்தே வர வேண்டுமா? காமாலைக்குக் கீழாநெல்லி நம் பாட்டன் கண்டது.

கொண்டையூசி வளைவு | புதன், மாலை 6.48

தம்பி, கீழாநெல்லியை நானும் மோரில் அரைத்துக் குடித்தவள்தான். அதைக் கேலி செய்ய மாட்டேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே முறையாகச் சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரிடம் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் எடுத்த 23 பேரில் ஒருவரிடம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது, லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிறகு பல நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். நம் வேலியோரச் செடி ஜெயித்திருந்தால் உங்களைவிட நான் அதிகம் மகிழ்ந்திருப்பேன்.

அஸ்தம்பட்டியான் | புதன், இரவு 10.20

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரோ சொன்னார்கள், அழுகையில் காதில் ஏறவில்லை.

இன்னொன்று. அண்ணி வீட்டில் இப்போது எங்கள் உறவினர்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. திவசத்துக்கு வந்த சித்தி தனியாகத் தட்டு கொண்டுவந்தார். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார்.

கொண்டையூசி வளைவு | புதன், இரவு 10.31

சித்தியிடம் என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். தட்டில், டம்ளரில், சோற்றில், கட்டிப்பிடித்து அழுவதில் இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், ஒருவருக்குப் போட்டதையே இன்னொருவருக்கும் போடும் ஊசி, பகிர்ந்த சவரக்கத்தி, இவற்றில்தான். அந்தத் தட்டைக் கழுவி அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

அஸ்தம்பட்டியான் | 12 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

பரிசோதனை முடிந்தது. அண்ணிக்கு இல்லை, எப்போதோ வந்து தானாகப் போயிருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றார்கள். மூத்தவனுக்கு இல்லை, முதல் ஊசி போட்டாயிற்று. சின்னவள் குழந்தையிலேயே போட்டுக்கொண்டவள்.

எனக்கு இருக்கிறது.

கல்லீரல் வேலை சரியாகத்தான் இருக்கிறது, ஸ்கேனில் கட்டி இல்லை, நார்க்கட்டும் இல்லை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பொறுத்து டெனோஃபோவிர் என்ற கிருமியை ஒடுக்கும் மருந்தைத் தொடங்கலாமா என்று முடிவு. குடும்பத்தில் புற்றுநோய் வந்ததால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கும் மகனுக்கும் நாளை முடிவு வரும்.

டாக்டரிடம் குப்பியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துகளைப் படித்துவிட்டு, “வைட்டமின் ஏ இவ்வளவா?” என்று மட்டும் கேட்டார். மைத்துனர் பிரிக்காத குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிரித்ததற்குப் பணம் தர முடியாதாம்.

குகை மருந்தாளர் | ஞாயிறு, இரவு 8.40

தம்பி, மருந்து தொடங்கினால் ஒரு நாள்கூட விடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது, கிருமி சீறி எழும். மருந்து புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. ஸ்கேனை அதனால் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் மாத்திரை, பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை என்று யாராவது கொடுத்தால் அதுவும் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளால் தொல்லை இல்லை. அடர்த்தியாக்கிய மாத்திரையால் கல்லீரல் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு.

நாகலூர் காபி | ஞாயிறு, இரவு 9.05

அரைக் கிலோ கொட்டை வறுத்து அனுப்புகிறேன். சிக்கரி இல்லாமல். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

அஸ்தம்பட்டியான் | ஞாயிறு, இரவு 9.22

நன்றி அண்ணா. மேச்சேரி அண்ணனிடம் ஒரு கேள்வி. மண்டியில் அண்ணன் வைத்துவிட்டுப் போன பதினோரு மூட்டை கிடக்கிறது. போன ஐப்பசிச் சரக்கு. விற்கலாமா?

மேச்சேரி இறவைக்காரன் | திங்கள், காலை 5.15

கோணியைப் பிரித்து நடுவில் கையை விட்டு அள்ளிப் பாருங்கள். பூசண வாடை வந்தாலோ, பருப்பில் மஞ்சள்பச்சைத் தூள் ஒட்டியிருந்தாலோ, செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். நட்டம்தான். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஒரு மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு விற்பது நல்லது; கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் தருகிறேன். இறவைக் காய் இப்போதுதான் பிடுங்கினோம், களத்தில் கிடக்கிறது. நேற்று தூறல் போட்டது, தார்ப்பாய் போட்டு மூடினேன். இன்னும் மூன்று வெயில் வேண்டும்.